ஆடாத பாத்திரங்கள்

பெங்களூரு நடைபாதைக் கடையில் ஒரு பழைய பேய்க்கதைத் தொகுப்பைப் பிரித்ததும், அதன் புழுங்கிய காகித வாசனை என்னைத் தங்கச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் இருந்த எங்கள் லைன் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கே நான் பேய்க்கதைகளைச் சிரித்துக்கொண்டே படிப்பேன். கதைக்குக் கதை, பேய் வருமுன் சமையலறைப் பாத்திரங்கள் தாமாக ஆடும். எங்கள் வீட்டிலோ தினமும் மாலை, சுரங்கத்துக்குள் வெடி வைக்கும் நேரத்தில் அலமாரித் தட்டுகள் கலகலக்க, அம்மா டம்ளரை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் காப்பி ஊற்றுவாள். அந்த எழுத்தாளர்கள்மேல் எனக்குப் பரிதாபம்தான் வரும்.

சுரங்கத்தை மூடிய மறுநாள் மாலையும் அப்படியொரு கதையில் மூழ்கியிருந்தேன். வெடி நேரம் வந்தது, போனது. ஒரு கரண்டிகூட அசையவில்லை. அதுவரை வீரனாக இருந்தவன் அலறிக்கொண்டு போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்தேன்.

“இன்னாடா ஆச்சு?”

“ஒண்ணுமே ஆடலியேம்மா.”

“ஆடுனா பேய்னு படிக்கிற, ஆடலன்னா நீயே பேய் மாதிரி கத்துற,” என்று அம்மா சிரித்தாள்.

ஷிப்டு இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா சிரிக்கவில்லை. எழுந்து வந்து அலமாரியைப் பிடித்துக் கலகலவென்று ஆட்டினார்.

“போதுமாடா?” என்றவர், நான் போதும் என்ற பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.