உட்காராதவனுக்கு ஒரு சீட்

சீட் மாஸ்டரின் கைகள் ஒரு பைக் சீட்டின் உறையைப் பிரித்து, உள்ளேயிருந்த பஞ்சை உருவிக்கொண்டிருந்தன. மெத்தென்று தைப்பதில் பேர் வாங்கிய கைகள். ட்ராக்கில் ரேஸ் ஓட்டும்போது சீட் வழுக்குகிறது என்று திருப்பிக் கொண்டுவந்தவன் அவர் மனைவியின் தம்பி. அடுத்ததும் வழுக்கினால் வேறு கடைக்குப் போவேன் என்றிருந்தான். சொந்த மச்சினனே போய்விட்டால் தெருவே சிரிக்கும்.

அதற்காகவே மாஸ்டர் போன வாரம், பொதுமக்களும் ஓட்டலாம் என்று ரேஸ் ட்ராக்கைத் திறந்துவிட்ட நாளில், இரவல் தோல் உடையை மாட்டிக்கொண்டு முதல்முறையாக மச்சினனின் பைக்கை அங்கே ஓட்டிப் பார்த்திருந்தார். முதல் சுற்று முடிந்ததும் அங்கிருந்த பயிற்சியாளர் அவரை நிறுத்தினார்.

"சோபாவாண்ணே இது? வளைவு வந்தா இடுப்பை சீட்டை விட்டு வெளியே தள்ளுங்க. உட்காரவே கூடாது!"

ஊரையே சுகமாக உட்காரவைத்தவருக்கு இப்படி ஒரு புத்திமதி. அடுத்த வளைவில் இடுப்பைத் தள்ளினார். அவர் அடைத்த பஞ்சும் வழவழப்பான ரெக்சினும் சேர்ந்து அவரையே கீழே தள்ளப் பார்த்தன.

இப்போது கெட்டியான மெல்லிய ரப்பரின் மேல் சொரசொரப்பான துணியை இழுத்துத் தைத்து முடித்தார். மச்சினன் விரலால் அமுக்கிப் பார்த்தான்.

"என்ன மாமா, பலகை மாதிரி இருக்கு?"

"உட்கார்றவனுக்குத்தானே மெத்தை வேணும் மாப்ளே? இந்தா" என்று சீட்டை அவன் கையில் கொடுத்தார்.