அடி அண்ணாமலை ஏர்போர்ட்

சிந்துஜாவுக்கு என்ன வேலை என்று எங்கள் அடி அண்ணாமலையில் யாரைக் கேட்டாலும், "ஏர்போர்ட்ல பை தடவுற வேலை" என்பார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் காகிதம் நகர்த்துகிறேன். அதை 'உத்தியோகம்' என்கிறார்கள். பதினோரு வருடமாகச் சென்னை விமான நிலையத்தில் பயணிகளைச் சோதித்து, இன்று இருபத்திரண்டு பெண்களுக்கு ஷிப்ட் பொறுப்பாளராக இருப்பவள் மட்டும் 'பை தடவுறவ'ளாம். நாக்குக்கு நரம்பில்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள். அவளுக்குக் கண் அப்படி. எக்ஸ்ரே திரையில் ஒரு பையைப் பார்க்க நாலைந்து நொடிதான் கிடைக்குமாம். அந்தப் பழக்கம் ஊருக்கு வந்தாலும் விடாது. பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரரின் மடியிலுள்ள துணிப்பையைப் பார்த்து, "டிபன் பாக்ஸ், குடை, ரெண்டு மாதுளை" என்று என் காதைக் கடிப்பாள். ஒருநாள் அந்த மனிதர் இறங்கும்போது பை கிழிந்து கொட்டியது. மாதுளை இரண்டேதான்.

ஆனால் அவள் பெருமைப்படுவது கண்ணைப் பற்றி அல்ல. அவள் ஷிப்டில் யாரைத் தொடுவதானாலும் முதலில் கேட்க வேண்டும். "அம்மா, தொடலாமா?" கேட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். விமானம் ஏற வந்தவர்கள் வேண்டாம் என்றா சொல்லப் போகிறார்கள், பிறகு எதற்குக் கேள்வி என்றேன்.

"கேக்காம தொட்டா திருடி மாதிரி நிப்பாங்க எழில். கேட்டுட்டு தொட்டா மனுஷியா நிப்பாங்க" என்றாள்.

போன மாதம் இளநீர்க் கடை வல்லரசு அண்ணன் ஊரில் பதினான்கு பேரைச் சேர்த்துக் காசிக்கு விமான டிக்கெட் போட்டார். ஒருவரும் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. சிந்துஜா ஒரு வாரம் லீவு போட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை தன் வீட்டு வாசலை ஏர்போர்ட் ஆக்கிவிட்டாள். கோலமாவில் வரிசைக் கோடு. இரண்டு மூங்கிலை நட்டு ஒரு வாசல். பை வைக்க ஒரு பெரிய தாம்பாளம். கையில் பிடித்துத் தடவும் கருவிக்குப் பதில் சப்பாத்திக் கட்டை. பீப் சத்தம் அவள் வாயிலிருந்தே வந்தது.

சோதனையில் கிடைத்தவற்றைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கங்கைக்கரையில் ஏற்றுவதற்கென்று ஆளுக்கு அரைக் கிலோ கற்பூரம். ஒன்பது தீப்பெட்டி. எண்ணெய் மிதக்கும் மாங்காய் ஊறுகாய். விமானத்துக்கு எதிரே உடைக்க ஒரு சிதறு தேங்காய். கடைசியாக வல்லரசு அண்ணனின் பையில், துண்டில் சுற்றிய இளநீர் அரிவாள்.

"அது இல்லாம எனக்குக் கை ஓடாதும்மா" என்றார்.

"இதோட போனா நீங்க காசிக்குப் போக மாட்டீங்கண்ணா, வேலூர் ஜெயிலுக்குத்தான் போவீங்க."

வாசலே சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான். சிந்துஜாவின் அம்மா சந்திரம்மாள் பெரியம்மா முருங்கைக்கீரை உருவியபடி தள்ளி உட்கார்ந்திருந்தார். பதினான்கில் ஒரு டிக்கெட் அவருக்குத்தான். கணவர் இறந்து மூன்று வருடம். அவர் பேரைச் சொல்லிக் கங்கையில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்பது தவிர அவருக்கு வேறு ஆசையே இல்லை. ஆனாலும் வர மாட்டேன் என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை செய்து உலோகம் வைத்திருக்கிறது. போன ஆடித் தள்ளுபடிக்கு டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனபோது வாசல் மெஷின் கத்திவிட்டது. காவலுக்கு நின்ற பெண் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, எல்லோர் எதிரிலும் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். நாலு தெரிந்த முகங்கள் வேடிக்கை பார்த்தன. அன்றிலிருந்து மெஷின் வைத்த வாசல் எதற்குள்ளும் பெரியம்மா கால் வைப்பதில்லை.

சிந்துஜா சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள். "முட்டியில ஸ்டீல் இருக்குதுன்னு நீயே முன்னாடி சொல்லிடு. மெஷின் கத்தும், கத்தட்டும். திரைக்கு உள்ள கூப்பிடுவாங்க. நாற்காலி கேளு."

"நீ அங்க இருப்ப இல்ல?"

"இருக்க மாட்டேன்மா. சொந்தக்காரங்க வரும்போது நான் அந்தப் பக்கமே நிக்கறதில்லை."

"இன்னாடி இது! ஊரான் வீட்டுப் பையெல்லாம் பாக்கற, பெத்தவளைப் பாக்க மாட்டியா?"

வல்லரசு அண்ணன் குறுக்கே வந்தார். "பொண்ணு பேரைச் சொல்லு சந்திராக்கா. அவ பேரைச் சொன்னா சிவப்புக் கம்பளமே விரிப்பாங்க." நானும் அதையே சொன்னேன். சிந்துஜாவுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சொல்லிக்கோ" என்றாள். பேரைச் சொல்லலாம் என்ற பிறகுதான் பெரியம்மா துணிமணி எடுத்து வைத்தார்.

வியாழக்கிழமை விடியலில் வேன் கிளம்பியது. நான் ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு சிந்துஜாவுடன் இருந்தேன். பதினொரு மணி வரை அவள் தட்டில் வைத்த தோசை அப்படியே இருந்தது. அம்மா பத்திரமாகப் போய்விடுவார் என்று ஆறுதல் சொன்னேன்.

"அது இல்லடி. நான் நின்னா என் ஷிப்ட் பொண்ணுங்க ஒழுங்கா கேட்டுட்டுத்தான் தொடுவாங்க. நான் இல்லாதப்போ, கூட்டம் ஜாஸ்தியா இருக்கறப்போ எப்படி நடந்துக்கறாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? இத்தனை நாள் சொல்லிக்குடுத்தது இன்னிக்கு எங்க அம்மா மேல தெரியப் போவுது." இவளுக்குப் பயம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

பதினொன்றரைக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரே தேவையில்லை, பெரியம்மாவின் குரல் தெருவுக்கே கேட்டது.

"கத்துச்சுடி! ரெண்டு முட்டிக்கும் சேத்து கத்துச்சு!"

"அப்புறம்?"

"உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சாங்க. சின்னப் பொண்ணு. பின்னாடி அவ்ளோ பெரிய வரிசை நிக்குது, அதுக்கு ஒரு அவசரமும் இல்ல. தண்ணி வேணுமான்னு வேற கேட்டுச்சு."

சிந்துஜா கண்ணை மூடிக்கொண்டாள். "என் பேரைச் சொன்னியா?"

"சொல்லல."

"சொல்றேன்னுதானே போன?"

"சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு, 'அம்மா, தொடலாமா?'ன்னுச்சு. அப்புறம் எதுக்குடி உன் பேரு?"