ஒட்டுமீசைக்காரர்

கடலூர் துறைமுகத்தில் சிரிப்பு குங்ஃபூ படம் ஒன்று எடுத்தார்கள். நான் லைட் தூக்கினேன். அடிவாங்க ஒரே ஆள்தான். ஐம்பது வயதிருக்கும். சட்டையையும் ஒட்டுமீசையையும் மாற்றி மாற்றி ஆறு அடியாட்களாக விழுந்தார். விழுமுன் தரையை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்.

அன்றைய கடைசி ஷாட்டில், பண்ருட்டிப் பலாப்பழக் குவியலின் மேல் விழுந்து அலறினார். எல்லோரும் சிரித்தோம். பிறகு வேனுக்குப் பின்னால் இடுப்பைப் பிடித்தபடி நின்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் மாமா."

"சும்மா இரு தம்பி. முள்ளு பரவால்ல, இடுப்புதான் போச்சு. தெரிஞ்சா நாளைக்கு வேற ஆளக் கூட்டியாந்துடுவாங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வேறு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

சிதம்பரத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். பலாப்பழ அலறலுக்குத் தியேட்டரே குலுங்கியது. அடுத்த சண்டையில் அதே ஒட்டுமீசை வந்தது. ஆள் வேறு.