கயாக்கில் அவசரம் வந்தால்?

சென்ற வியாழக்கிழமை, பெங்களூரில் நீலசந்திரா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை ஹாலுக்கு வெளியே நிற்க வைத்தார்கள். அவள் செய்த குற்றம் — என்னிடம் ஒரு கேள்வி கேட்டது.

அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால் இந்த வாரப் பத்தி கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கயாக் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — கயாக் என்பது ஒருவர் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லியான படகு. ஐம்பதைத் தாண்டிய பிறகு, முட்டிவலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னதில் ஆரம்பித்தது. அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய், போன குளிர்காலத்தில் ஒரு குழுவோடு மங்களூரிலிருந்து கார்வார் வரை கடலோரமாகவே துடுப்புப் போட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஐந்து பேர். அதில் பெண் நான் ஒருத்திதான்.

அந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டார்கள். வெறும் பேச்சு இல்லை. எங்கள் குழு பெங்களூருக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கயாக் பழக்குகிறது. இரண்டு நாள் முகாம். இந்தப் பள்ளியிலிருந்தும் சில பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், நாலு பெண்கள் உட்பட. போகப் போகிற பிள்ளைகளுக்குப் பயம் தெளிய வேண்டும், போகாத பிள்ளைகளுக்கு ஆசை வர வேண்டும் — அதற்காகத்தான் நான்.

ஜோகுபாளையத்திலிருந்து ஆட்டோ பிடித்தேன். துடுப்பை இரண்டாகக் கழற்றியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒட்டடைக் கம்பு என்ன விலை மேடம் என்று டிரைவர் விசாரித்தார். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

வாசலில் என் படம் போட்ட ஃப்ளெக்ஸ். சால்வை, ரோஜாப்பூ, பிரேயர் சாங்... எல்லாம் முறைப்படி நடந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல மாதிரி. கொஞ்சம் மோட்டிவேஷனலாகப் பேசுங்கள் என்று காதோரம் கேட்டுக்கொண்டார். கடலைப் பற்றிப் பேச வந்தவளை ஏன்தான் எல்லோரும் வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொல்கிறார்களோ?

நான் பேசவில்லை. சாக்பீஸ் வாங்கி, ஹால் தரையில் நிஜ அளவில் ஒரு கயாக் வரைந்தேன். ஒவ்வொருவராக வந்து உள்ளே உட்காரச் சொன்னேன். காலை நீட்டு, துடுப்பைப் பிடி, இடது பக்கம் அலை வருகிறது, சாய். கோட்டுக்கு வெளியே விழுந்தவனைப் பார்த்துச் சிரித்தவளும் அடுத்த நிமிஷம் விழுந்தாள். தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து ஒரே கூச்சல். அந்த அரை மணி நேரம் நான் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு 'இன்ட்டராக்‌ஷன்' என்று அறிவித்தார்கள். வந்தது வினை.

முதல் பையன் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடல் உங்களுக்குக் கற்றுத்தந்த வாழ்க்கைப் பாடம் என்ன என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தான். அடுத்த பெண், தோல்வியில் துவளாமல் இருப்பது எப்படி என்றாள். மூச்சு விடும் இடம்கூட மனப்பாடம். அலையில் விழுந்து உருண்ட அதே பிள்ளைகள்தானா இவர்கள் என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

அப்போதுதான் நடு வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு ஒரு பெண். பெயர் ரோஸ்லின். முகாமுக்குத் தேர்வான நாலு பேரில் ஒருத்தி. யாரும் எழுதிக்கொடுக்காத கேள்வி, அதுவும் தமிழில்.

"மிஸ், நாள் முழுக்கக் கடல்லயே இருந்தீங்களே... அவசரமா வந்தா எங்க போவீங்க?"

பையன்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. கிளாஸ் டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. விருந்தாளியிடம் கேட்கிற கேள்வியா இது, வெட்கமில்லையா என்று ஆரம்பித்தவர், "இந்த மேனர்ஸோட நீ கேம்ப்புக்குப் போக வேணாம். வெளிய நில்லு" என்று முடித்தார்.

அந்தப் பெண் அழவில்லை. கதவு வரை போய்த் திரும்பி நின்றாள்.

"எங்கம்மாதான் மிஸ் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. அது தெரியாம ஏரிக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டாங்க."

யோசித்துப் பாருங்கள். அன்று அந்த ஹாலில் கேட்கப்பட்ட ஒரே நிஜமான கேள்வி அது. சுறா வருமா, புயல் வருமா என்றெல்லாம் பிறகு. வீட்டை விட்டு வெளியே காலடி வைக்கிற எந்தப் பெண்ணும் முதலில் கேட்டுக்கொள்கிற கேள்வி இதுதான். பஸ்ஸில் நாலு மணி நேரம் என்றால் நாம் யோசிப்பதில்லையா? கல்யாண வீட்டுக்குப் போனால்? மகளை அனுப்பப் போகிற ஓர் அம்மா இதைக்கூடக் கேட்கக் கூடாதா? இதைக் கேட்டால் மேனர்ஸ் இல்லை. 'தோல்வியில் துவளாமல்' என்று ஒப்பித்தால் மேனர்ஸ். நன்றாக இருக்கிறது நியாயம்.

ரோஸ்லினை உள்ளே கூப்பிடுங்கள், நான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். டீச்சர் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தார். அவர் தயங்கித் தலையசைத்தார். ரோஸ்லின் வாசல் நிலையை ஒட்டி நின்றுகொண்டாள். அதற்கு மேல் வரவில்லை.

சொன்னேன். கூட வந்த ஆண்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. எனக்கோ முதல் நாளிலிருந்து அதே கவலை. கரையெல்லாம் பாறை, நினைத்த இடத்தில் ஒதுங்க முடியாது. ஒதுங்கினால் மணலில் கிரிக்கெட் ஆடுகிற கூட்டம். அதனால் நான் கண்டுபிடித்த மகா தந்திரம் — தண்ணீரே குடிக்காமல் இருப்பது. இரண்டாம் நாள் மத்தியானம் கண் இருட்டி, துடுப்பு கையை விட்டு நழுவி, படகோடு சாய்ந்தேன். கூட வந்தவர்கள்தான் இழுத்துக் கரை சேர்த்தார்கள். அது ஒரு மீனவர் குப்பம். அங்கே ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்தார். எந்த ஊர், என்ன பெயர் என்று எதுவும் கேட்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் வீட்டு பாத்ரூம் கதவைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் டீ. அடுத்த நாளிலிருந்து படகில் வாய் அகன்ற ஒரு பிளாஸ்டிக் டப்பா, மேலே போட்டுக்கொள்ள ஒரு பெரிய மழைக்கோட்டு. கொஞ்சம் பழகினால் போதும், கடலிலேயே முடியும். பிறகு வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன்.

பையன்கள் சிரிப்பை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது. டப்பா என்ன சைஸ் என்று ஒருவன் நிஜமான அக்கறையோடு கேட்டான்.

வெயிலில் தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருக்காதீர்கள் என்று அறிவுரை சொல்லிக்கொண்டே பெண்கள் வரிசையைப் பார்த்தேன். ஒவ்வொருத்தி காலடியிலும் ஒரு பாட்டில். எல்லாம் கழுத்து வரை நிறைந்து நின்றன. மணி மத்தியானத்தைத் தாண்டிவிட்டது. ஏன்மா, யாருமே குடிக்கவில்லையா என்றேன். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். கடைசியில் வாசலிலிருந்துதான் பதில் வந்தது.

"பாத்ரூம் பூட்டியிருக்கு மிஸ். கெஸ்ட் வந்தா பூட்டிடுவாங்க."

எனக்குப் புரியவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தேன். அவர் இதில் ஒளிக்க ஏதும் இருப்பதாகவே நினைக்கவில்லை. பெருமையோடுதான் சொன்னார்.

"உங்களுக்குன்னேதான் மேடம். காலையிலயே ஃபினாயில் போட்டுக் கழுவி, பசங்க அழுக்குப் பண்ணிடக் கூடாதுன்னு பூட்டி வெச்சிருக்கோம்."

இன்ஸ்பெக்‌ஷன் வந்தாலும் இதே கதையாம். ஆண்டு விழாவுக்கும் இதேதானாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது? என்றைக்கோ ஒரு நாள் ஒரு மணி நேரம் வந்து போகிற எனக்காக, தினமும் வருகிற அத்தனை பெண் பிள்ளைகளும் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வயசுப் பெண்கள். மாசத்தில் எந்த நாளாகவும் இருக்கலாம். இது தெரியாமல் நானும் சால்வையைப் போட்டுக்கொண்டு அலையில் சாய், தைரியமாக இரு என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். தண்ணீர் குடிக்கவே பயப்படுகிற பிள்ளையிடம் தைரியத்தைப் பற்றிப் பேச யாருக்கு வாய் இருக்கிறது?

சாவியைக் கொடுங்கள், பெண்கள் எல்லாரும் போய்விட்டு வரட்டும், அதற்குப் பிறகு பேசுகிறேன் என்றேன். புரோகிராம் லேட்டாகிவிடும் என்றார் கிளாஸ் டீச்சர். ஆகட்டும் என்றேன். என் குரல் நானே எதிர்பார்க்காத அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும். ஆயா சாவியோடு ஓடினார்.

ஹாலில் பாதி காலி. காரிடார் முழுக்க க்யூ.

அந்த இடைவெளியில் ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொன்னேன்: ரோஸ்லின் வராவிட்டால் இந்தப் பள்ளியிலிருந்து யாரையும் முகாமுக்குக் கூட்டிப்போக எனக்கு மனசில்லை. மிரட்டல்தான், ஒப்புக்கொள்கிறேன். அவர் க்யூவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, அவள் வருவாள் மேடம் என்றார். இனிமேல் விருந்தாளி வந்தால் பூட்டுவார்களா, மாட்டார்களா என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இதைப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளி சம்மதித்தால் போதுமா? அம்மா சம்மதிக்க வேண்டாமா? என் நம்பரை ரோஸ்லினிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலமே அம்மாவிடமிருந்து போன் வந்தது. அடுகோடியில் ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாராம். ஷிஃப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பிலிருந்து பேசினார். வாகனச் சத்தத்துக்கு நடுவே, மகள் ஏதும் தப்பாகக் கேட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தார். நான் அவரை முடிக்க விடவில்லை. ஏரிக்கரையில் பெண்களுக்குத் தனி பாத்ரூம் இருக்கிறது, தண்ணீர் வருகிறது, லைட் இருக்கிறது, ராத்திரி நானும் கூடவே இருப்பேன் என்று அடுக்கினேன். நன்றி சொல்லி வைத்துவிடுவார் என்று பார்த்தேன்.

"கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்குங்களா மேடம்?"

வாய் வரை வந்த 'இருக்கு' நின்றுவிட்டது. எனக்குத் தெரியவில்லை. ஏரிக்கரைக் காவலாளியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். உடைந்து போய் நாளாச்சு மேடம், ஆள் உள்ளே போனால் வெளியே யாராவது நின்றுகொள்வார்கள் என்றார். ரோஸ்லின் அம்மாவைத் திரும்ப அழைத்து, இல்லை என்று உண்மையைச் சொன்னேன். போட்டுவிட்டுப் போன் பண்ணுங்கள், அனுப்புகிறேன் என்றார். நியாயமான பேச்சு.

நாளைக் காலை ஏரிக்குப் போகிறேன். ஹார்டுவேர் கடையில் வாங்கியது மேஜை மேல் இருக்கிறது. வெளியே போடுகிற பூட்டு இல்லை... உள்ளே போட்டுக்கொள்கிற தாழ்ப்பாள்.