சித்தியை அளந்த சாயங்காலம்

என் சித்தியைப் பெண் பார்க்க அமெரிக்காவிலிருந்து ஓர் அம்மாள் செல்போனில் வருகிறாள் என்றுதான் நான் நம்பியிருந்தேன். எனக்கு அப்போது ஏழு வயது.

சித்தி எங்கள் பாளையங்கோட்டை வீட்டு வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். கல்லூரி முதல் வருஷத்திலேயே வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, பெண் நெட்டை என்று போய்விடுவார்கள். அதனால் யார் வந்தாலும் அம்மா தன் தங்கையின் காதில், “ஏட்டி, பைய குனிஞ்சு நில்லு” என்பாள்.

சித்தி கூடைப்பந்து ஆடுகிற வீடியோவை அவளுடைய பயிற்சியாளர் ஒரு அமெரிக்கக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தார். தாத்தாவுக்கு அது விளங்கவே இல்லை.

“பந்தைக் கூடையில போட்டா அவன் எதுக்குட்டி ஓசியில படிக்க வைக்கான்?”

“அங்க காலேஜ் மேட்ச் பாக்க ஊரே திரண்டு வருமாம்ப்பா. ஜெயிக்க ஆள் வேணும்லா” என்றாள் சித்தி.

தாத்தா நம்பவில்லை. இருந்தாலும் அந்தக் கல்லூரியோடு வீடியோவில் பேச்சு நடக்கவிருந்த சாயங்காலம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஜெபம் பண்ணிவிட்டு, போனுக்கு எதிரே முதல் ஆளாக உட்கார்ந்தார்.

திரையில் வந்த அம்மாளின் கழுத்தில் விசில் தொங்கியது. மாப்பிள்ளையைக் காணவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வியே உயரம்தான். சித்தியைச் சுவரோரம் நிற்கச் சொன்னாள், கைகளை விரிக்கச் சொன்னாள். அம்மா தையல் டேப்பின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்து, மறு நுனியோடு சித்தியின் மற்றக் கைப்பக்கம் போனாள். டேப் முடிந்தும் சித்தியின் கை முடியவில்லை. இந்தச் சம்பந்தமும் போச்சே என்று எனக்குப் பகீரென்றது. டேப்பை விட்டுவிட்டுப் போனுக்கு முன்னால் ஓடினேன்.

“நோ, நோ! சித்தி ஷார்ட்!” என்று கத்தினேன்.

தாத்தா என் வாயைப் பொத்தினார். அந்த அம்மாள், குழந்தை என்ன சொல்கிறாள் என்று விசாரித்தாள். சித்தி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். வெகு நேரம் சொன்னாள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மெதுவாக ஏதோ பதில் சொன்னாள். சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“என்ன சொல்லுதாவ?” என்றாள் அம்மா.

“இன்னும் கொஞ்சம் உயரமா இருந்தாலும் சந்தோசந்தானாம்க்கா.”

அம்மா டேப்பைச் சுருட்டத் தொடங்கினாள்.

சில வாரங்களில் இடம் கிடைத்தது. படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் கல்லூரிப் பொறுப்பு. தாத்தா கடைத்தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கூடைப்பந்தின் விதிகளைத் தப்பும் தவறுமாக விளக்கினார். கல்யாணம் எப்போது என்று நான் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். சித்தியைத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் காலை புறவாசலில் பந்து தட்டும் சத்தம் கேட்டது. சித்தி போகவில்லை போலிருக்கிறது என்று ஓடினேன். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். வலக்கையிலிருந்து இடக்கைக்குப் பார்க்காமலே மாற்றினாள். பிறகு துணிக்கொடிக்கு மேலாக எங்கோ குறிபார்த்து, குதிகால் எழும்ப எறிந்தாள். என்னைக் கண்டதும் சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு, “பல்லு தேச்சியா?” என்றாள்.

அம்மாவுக்கும் விளையாடத் தெரியுமே என்று அன்று முழுக்க ஆச்சரியப்பட்டேன். எப்போது விட்டாள், யார் விடச் சொன்னார்கள் என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை.