கத்தரிக்காய்த் தலைகளும் காண்டன் நண்டும்

1. என் யோசனை

"பொம்பளப் பொண்ணு ஊசியத் தூக்கினு நின்னா எவன்மா கைய நீட்டுவான்?" என்றார் ஹெல்த் இன்ஸ்பெக்டர்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நர்ஸ் படிப்பும் முடித்தவள். "நீட்டுவாங்க சார்" என்றேன். ஆடிக் கிருத்திகை முகாம் ஒழுங்காக நடந்தால் வேலை, இல்லையென்றால் வீடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலரா ஊசி போட்டவர்தான் மலையேறலாம் என்று உத்தரவு. காவடி தூக்குகிறவர் சீட்டை எந்தக் கையில் பிடிப்பார்? அதனால் ஊசி போட்டவரின் மொட்டைத் தலையில் அடையாளமாக ஊதா மருந்தால் பொட்டு வைத்தேன். காலை முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மொட்டைக்கு மேல் சந்தனம் பூசுவார்கள் என்பதை, திருத்தணியிலேயே பிறந்த நான், யோசிக்கவில்லை.

2. தோ ஸே லோ ஹாய்

படிக்கட்டில் சோதிக்க நின்ற எங்கள் பியூன் பொட்டைத் தேடிச் சந்தனத்தை வழித்தார். வேர்வையில் ஊதா கரைந்து வழிந்தது. கத்தி பட்ட காயத்துக்கு நல்லதென்று நாவிதர்களும் எங்கள் புட்டியை எடுத்துப் பூசத் தொடங்கினார்கள். மத்தியானம் சரவணப் பொய்கையைச் சுற்றி ஒரே கத்தரிக்காய்த் தலைகள்.

"ஊசி போட்டாச்சா?" என்றார் பியூன் ஒருவரிடம்.

"ஆங், ரெண்டு தபா."

"எங்க போட்டாங்க?"

"தலையிலதான்!"

எங்கள் கம்பவுண்டர் ரங்கூனில் ஒரு காண்டன் சீனரின் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர்; யுத்தத்தில் நடந்தே ஊர் திரும்பியவர். கூட்டத்தைப் பார்த்து, "தோ ஸே லோ ஹாய்" என்றார்.

"இன்னாண்ணா அது?"

"நண்டுக் கூடை கவுந்துபோச்சுன்னு காண்டன்காரன் சொல்லுவான். ஒண்ணப் புடிச்சா ஒம்போது ஓடும். எங்க, சொல்லு."

சொன்னேன்.

"கடைசில கொரலத் தூக்கும்மா. ஹாய்!"

இன்ஸ்பெக்டர் தூரத்தில் வந்துகொண்டிருந்தார். நாங்கள் சீனம் படித்துக்கொண்டிருந்தோம்.

"கவுந்தா இன்னா பண்ணுவாங்க?"

"தொரத்த மாட்டான். வாசல்ல குந்திகினு வர்றதப் புடிப்பான்."

3. கத்தினால் மலை

படிக்கட்டுக்கு ஓடினேன். காலரா ஊசி போட்ட புஜம் அன்று முழுக்கக் கடுக்கும். "தலைய வுடுங்க, புஜத்த அழுத்துங்க" என்று பியூனிடம் சொன்னேன். "ஐயோ முருகா!" என்று கத்தினவர் மேலே போனார். சும்மா நின்றவருக்கு அங்கேயே ஊசி.

"இன்னாம்மா, ஆஸ்பத்திரியா கசாப்புக் கடையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கத்துறவங்க ஊசி போட்டவங்க சார்."

அவரே இரண்டு பேரை அழுத்திப் பார்த்தார். ஒருவர் கத்தினார். இன்னொருவர், "நல்லா இருக்குது சார், இந்தப் பக்கமும் புடிங்க" என்றார்.

ஊசி எங்கே குத்தியதோ அங்கேதான் அதன் சாட்சி இருக்கும். புதிதாக வருகிற நர்ஸ்களுக்கு இன்றும் நான் சொல்வது இவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் விரலில் ஒட்டிய ஊதாவைத் துடைத்தார். "நாளைக்குத் தெப்பம். நீயே பாத்துக்கோ. ஊசி மேஜைய எங்க போடறதுன்னு காலைல யோசிக்கலாம்."

அதற்குள் நான் மேஜையைக் கீழ்ப்படிக்குக் குறுக்கே போட்டு, ஒரு ஆள் மட்டும் நுழைய வழி விட்டிருந்தேன். அவர் அந்த வழியாகத்தான் வெளியே போனார்.