ஐந்நூறு கிராம்

வேலிகா நிரப்பிய புட்டியை இன்னொருவர் நிறுத்துப் பார்க்கிற வழக்கம் கசான்லக் ஊரின் அந்த ரோஜா எண்ணெய் ஆலையில் இல்லை. மற்றவர்கள் நிரப்பியதைச் சரிபார்க்கத் தனியாக ஓர் ஆள் உண்டு. அவளுடையது நேராகப் பெட்டிக்குப் போய்விடும். ஒரு சொட்டு குறைந்தால் வாங்குகிறவனை ஏமாற்றுவது, ஒரு சொட்டு கூடினால் ஆலையை ஏமாற்றுவது, இரண்டும் திருட்டுதான் என்பாள். கடைசிச் சொட்டைக் கண்ணாடிக் குச்சியின் நுனியில் எடுத்துப் புட்டியின் வாயில் தொட்டும் தொடாமலும் வைத்து, தராசின் எண் அசையாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பதினொரு வருடமாக அதே நாற்காலி, அதே தராசு.

பள்ளிக்கூடம் அவளுக்கு எட்டாம் வகுப்போடு சரி. அப்பா இறந்த மறுவருடம் அம்மா இத்தாலிக்கு வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். அப்போது வேலிகாவுக்குப் பத்தொன்பது, தம்பி அசெனுக்கு எட்டு. இரண்டு வருடத்தில் வந்துவிடுவதாகச் சொன்னவள் பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசுகிறாள்.

அசென் துப்பாக்கி பிடித்தது குளிரால்தான். நூலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஸ்பிரோ மாமா நடத்திய துப்பாக்கிக் கழகத்தில் நல்ல கணப்பு ஒன்று இருந்தது. பதின்மூன்று வயதில் அதனருகே கை காயப் போனவன், சும்மா நிற்கிறாயே என்று அவர் கையில் கொடுத்த ஏர் பிஸ்டலைப் பிடித்தான். பத்து மீட்டர் தள்ளி, கைக்குட்டையைவிடச் சிறிய அட்டையில், சட்டைப் பொத்தான் அளவு நடுவட்டம். முதல் வாரமே அதற்குள் இரண்டு ஈயக்குண்டுகளைப் போட்டான். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஸ்பிரோ அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உன் தம்பி சுடும்போது மூச்சே விடல, பாத்தியா? இதெல்லாம் எங்கேருந்து கத்துக்கிட்டான்?"

வேலிகாவுக்குத் தெரியும். அட்டையை அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள். அந்த அட்டை இன்னும் அவள் அலமாரியில், படுக்கை விரிப்புகளுக்கு அடியில் இருக்கிறது.

அசெனின் வகுப்பில் இருபத்தாறு பேர். அவனுக்கு இருபது வயதாகும்போது ஊரில் ஏழு பேர் மிச்சம். ஜெர்மனியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை பெரியப்பா மகன் மூலம் அவனுக்காகக் காத்திருந்தது. அவனைத் தடுக்க வேலிகாவிடம் இருந்தது ஒன்றே ஒன்று. மார்ச் மாதம் ப்ளோவ்திவில் நடக்கும் தேர்வுப் போட்டியில், அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபது புள்ளி எடுக்கிற இளையோரை ஒரு பெரிய விளையாட்டுக் கழகம் சேர்த்துக்கொள்ளும். தங்குவதற்கு அறை, மாதாமாதம் உதவித்தொகை. அடுத்த வருடம் அவன் இளையோர் கணக்கில் வரமாட்டான். இந்த மார்ச்தான்.

அவன் அதுவரை எடுத்த அதிகபட்சம் ஐந்நூற்று அறுபத்தொன்று. கழகத்தின் ஒரே பிஸ்டலை ஐந்து பேர் மாற்றி மாற்றிச் சுட்டார்கள். ஒவ்வொருவர் கைக்கும் ஏற்பப் பிடியில் பள்ளம் அடைக்கும் மரமக்கு பூசுவதும் சுரண்டுவதுமாக அது யார் கைக்கும் பொருந்தாமல் போயிருந்தது.

"இது பிஸ்டலா? அஞ்சு பேரு கடிச்ச ஆப்பிள்" என்றார் ஸ்பிரோ. "பயலுக்குன்னு ஒண்ணு வாங்கு வேலிகா. வேற வழி இல்ல."

சமையலறை ஜன்னலை மாற்ற எழுநூறு லெவா சேர்த்து வைத்திருந்தாள். ஜன்னல் இன்னொரு குளிர்காலம் தாங்கும் என்று முடிவு செய்தாள். கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி, ஸ்பிரோவைக் கேட்டுக் கேட்டுப் பக்கம் பக்கமாக எழுதினாள். குழலுக்குள் என்ன பார்க்க வேண்டும், பிடி அவன் உள்ளங்கைக்கு எவ்வளவு செதுக்க வேண்டும், எந்தத் தயாரிப்புக்கு உதிரி பாகம் கிடைக்கும்.

சோஃபியாவில் புதியது அவளுடைய ஆறு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. கடைக்காரர் எடுத்துக் காட்டினார். அசென் தொடவே மாட்டேன் என்று இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். ஸ்தாரா ஸாகோராவில் ஒருவர் பழையதை அறுநூற்றைம்பதுக்குச் சொன்னார். காற்றடைத்த சிலிண்டரில் ஓடுவது, பளபளவென்றிருந்தது. வேலிகா சிலிண்டரைத் திருப்பி, அடியில் பொறித்திருந்த தேதியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். பத்து வருடம் தாண்டினால் போட்டியில் அந்த சிலிண்டருக்கு அனுமதி கிடையாது. பதினொன்று ஆகியிருந்தது. புதிய சிலிண்டருக்கு இன்னொரு முந்நூறு.

"பொண்ணு, நான் இருபது வருஷமா சுடறேன், யாரும் அடியைத் திருப்பிப் பாத்ததில்ல" என்றார் விற்கிறவர்.

"போட்டியில பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மூன்றாவதாக ஒன்று கார்லோவோவில் ஒரு முன்னாள் ராணுவக்காரரிடம் கிடைத்தது. சிலிண்டரே இல்லாத பழைய ரகம். ஒவ்வொரு முறையும் பக்கத்து நெம்புகோலை இழுத்து அழுத்திக் காற்றை ஏற்ற வேண்டும். அறுபது குண்டுக்கு அறுபது தடவை, தோள் கழன்றுவிடும். ஆனால் தேதி முடிந்து போக அதில் எதுவும் இல்லை. பட்டறைப் பிடியில் இறுக்கி வைத்து ஐந்து குண்டு சுட வைத்தாள். அட்டையில் ஒரே ஓட்டைதான் விழுந்தது. ஸ்பிரோ அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கிழட்டுக் கழுதை. ஆனா வழி மறக்கல."

"அறுநூறு" என்றார் ராணுவக்காரர்.

"ஐந்நூத்தம்பது" என்றாள் வேலிகா. "நெம்புகோல் திருகு ஒண்ணு தேஞ்சிருக்கு. பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். தேய்ந்திருந்தது. அந்தப் பிஸ்டலை வைத்திருந்த பதினெட்டு வருடத்தில் அவர் அதைக் கவனித்ததே இல்லை.

டிசம்பரிலிருந்து ஆலை முடிந்ததும் அடித்தளத்துக்குப் போய்விடுவாள். பிடியை உப்புத்தாளால் தேய்த்து அசெனின் கைக்குப் பொருத்தினாள். ஜனவரியில் அவன் ஐந்நூற்று அறுபத்தாறு எடுத்தான். பிப்ரவரியில் ஐந்நூற்று எழுபத்தொன்று. பெரியப்பா மகன் போன் செய்தபோது, "ஏப்ரல்ல சொல்றேண்ணா" என்றான். பக்கத்து அறையில் வேலிகா கேட்டுக்கொண்டிருந்தாள்.

மிச்சம் இருந்தது ட்ரிகர். ஐந்நூறு கிராமுக்குக் குறைந்த இழுப்பில் அது விடுபடக் கூடாது, அதுதான் சட்டம். ட்ரிகரில் ஐந்நூறு கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். எடை தூக்கப்பட்டால் சரி, ட்ரிகர் விடுபட்டால் தவறு. வாங்கிய இந்தப் பழைய பிஸ்டலில் ட்ரிகர் கொஞ்சம் இழுபட்டுத்தான் வந்தது. விரல் இழுக்க வேண்டிய எடை குறையக் குறைய அசெனுக்குச் சுலபமாக இருந்தது.

சோதனை எடையை வேலிகாவே செய்தாள். ஒரு தகர டப்பாவில் கம்பிக் கொக்கி மாட்டி, சுட்டு நசுங்கிய ஈயக்குண்டுகளைப் போட்டு, ஆலைத் தராசில் கொக்கியோடு சேர்த்து நிறுத்தாள். கடைசியில் ஒரு குண்டை அரத்தால் அராவிப் போட்டாள். 500.0.

ஸ்பிரோ டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்தார். "நல்ல வேலை. ஆனா ட்ரிகரை ஐந்நூத்தி இருபதுல வை."

"எதுக்கு மாமா இருபது கூட? சட்டம் ஐந்நூறுதானே?"

"எல்லாரும் வெக்கிறாங்க. சும்மா ஒரு தைரியத்துக்கு."

"தராசை நம்பாதவங்க வெப்பாங்க. அந்த இருபதையும் இவன் விரல்தானே இழுக்கணும்? அறுபது தடவை."

"இருபது கிராம்மா. ஒரு திராட்சைப் பழம்."

"எங்க ஆலையில இருபது கிராம் கூடப் போச்சுன்னா என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுவாங்க."

அசென் சிரித்தான். "விடுங்க மாமா. அக்கா நிறுத்தா நிறுத்ததுதான்."

ட்ரிகரின் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பி, டப்பா எழும்பும் கடைசிப் புள்ளியில் நிறுத்தினாள். அதற்குக் கீழே ஒரு முடி அகலம் போனாலும் விடுபட்டது. அந்த இடத்தில் நகப்பூச்சால் புள்ளி வைத்தாள்.

ப்ளோவ்திவில் காலைச் சோதனையில் எடை எழும்பியது. கூடத்தில் வெந்நீர்க் குழாய்கள் அப்போதுதான் சூடேறத் தொடங்கியிருந்தன; எல்லோரும் மேற்சட்டையோடு நின்றார்கள். வேலிகா பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, பத்துப் பத்துக் குண்டாக நோட்டில் எழுதினாள். தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றைந்து. மற்றவர்கள் ஏழெட்டு விநாடியில் அடுத்த குண்டுக்குத் தயாரானபோது, அசென் நெம்புகோலை இழுத்து, அழுத்தி, தோளைத் தளர்த்தி, பிறகே கையைத் தூக்கினான். கடைசிப் பத்தில் அவன் முதுகு நனைந்திருந்தது. தொண்ணூற்றேழு. மொத்தம் ஐந்நூற்று எழுபத்து நான்கு.

"அழுதுடாத" என்றார் ஸ்பிரோ. அவர்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போட்டி முடிந்ததும் சீட்டுக் குலுக்கி மூன்று பேரின் துப்பாக்கியை மறுபடி சோதிப்பது வழக்கம். இரண்டாவது சீட்டில் அசெனின் எண் வந்தது.

சோதனை மேசையில் இருந்த அம்மாள் பொறுமையானவள். பிஸ்டலில் காற்றேற்றச் சொல்லி, எடையை மாட்டி, மெல்லத் தூக்கினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். ட்ரிகர் விடுபட்டுவிட்டது.

"இன்னும் ரெண்டு தடவை இருக்குப்பா. பதறாதே."

இரண்டாவது தடவை இன்னும் மெல்லத் தூக்கினாள். எடை மேசையை விட்டு அரை விரல் எழும்பியது. புஸ்.

மூன்றாவதும் அதே.

"எங்கிட்ட எடை இருக்கு" என்றாள் வேலிகா. தடுப்புக் கயிற்றைத் தாண்டி எப்போது வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். "சரியா ஐந்நூறு. ஆலைத் தராசுல நிறுத்தது."

அந்த அம்மாள் மறுக்கவில்லை. டப்பாவைத் தன் மின்தராசில் வைத்தாள். 500.0 என்று காட்டியது. தன்னுடைய எடையை வைத்தாள். அதுவும் அதேதான்.

"உன் எடை தப்பில்லம்மா. ஸ்பிரிங் பழசு. கூடம் சூடாயிடுச்சு, அறுபது குண்டு போயிருக்கு, கொஞ்சம் தளர்ந்துடுச்சு. ரெண்டு மூணு கிராம் இருக்கும். கொஞ்சம் கூட வெச்சிருக்கலாமே, எல்லாரும் வெப்பாங்களே."

தாளில் அசெனின் பெயருக்கு நேரே ஐந்நூற்று எழுபத்து நான்கை அடித்தாள். அளவுகோல் வைத்து நேராக அடித்தாள். மேல்முறையீடு உண்டா என்று ஸ்பிரோ கேட்டார். மூன்று தடவை தூக்கியாயிற்று, அதற்கு மேல் இல்லை என்றாள்.

மூவரும் பேருந்தில் திரும்பினார்கள். கார்லோவோ தாண்டும்போது ஸ்பிரோ, "நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றார். அசென் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் வேலிகாவுக்குத் தாங்கியிருக்கும். அவன் பாலாடைக்கட்டி ரொட்டியைப் பிட்டுப் பாதியை அவளிடம் நீட்டினான்.

"சாப்பிடுக்கா. தராசு சரியாத்தான் இருந்துது."

ஏப்ரல் முதல் வாரம் பெரியப்பா மகனுக்குப் போன் செய்தான். பயணச் சீட்டுக்கும் அங்கே முதல் மாத அறைக்கும் பணம் வேண்டியிருந்தது. பிஸ்டலை விற்க விளம்பரம் கொடுத்தார்கள். ஸ்லிவெனிலிருந்து ஒருவர் தன் மகளோடு வந்தார். அவரிடமும் ஒரு நோட்டு இருந்தது. குழலைப் பார்த்தார், பிடியைப் பார்த்தார், நெம்புகோல் திருகைத் தொட்டு, "இதை மாத்தியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"மாத்தியாச்சு."

"ட்ரிகர்?"

வேலிகா திருப்புளியை எடுத்தாள். நகப்பூச்சுப் புள்ளியைத் தாண்டி அரைச் சுற்றுத் திருப்பினாள். டப்பாவைத் தொங்கவிட்டு, அதன் மேல் ஒரு சாவியையும் வைத்துத் தூக்கிக் காட்டினாள். எழும்பியது.

"இதுக்குக் கீழ வெக்காதீங்க" என்றாள். "சரியாவும் வெக்காதீங்க."

அவர் ஐந்நூறு லெவா கொடுத்தார். பேரம் பேச அவளுக்குத் தெம்பு இல்லை.

மே மாதம் ரோஜா வந்தது. ஆலையில் இரண்டு வேளை வேலை. வேலிகா குச்சியின் நுனியில் கடைசிச் சொட்டை எடுத்துப் புட்டியின் வாயில் வைத்தாள். எண் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூடியைப் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்த புட்டியை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவளுக்கு இரண்டு போன் வருகிறது.